பூனைக்கு ஹாம் கொடுக்கலாமா?

ரயிலே ஓடாத அந்தமானில் ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியருக்கு என்ன வேலை என்று சங்கத்து நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவதும், மகள் வீட்டுப் பூனைக்குச் சோறு வைப்பதும்தான் வேலை. இந்த இரண்டாவது வேலையில் நான் செய்த பிழையால் சென்ற கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பூனை சாகக் கிடந்தது. ஹேடோவில் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் நம்மவர் வீடுகளில் பூனை வளர்ப்போர் பலர் என்பதால், நடந்ததையும் அதன்பின் நான் படித்தும் கேட்டும் அறிந்ததையும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டார் கார் நிக்கோபாரைச் சேர்ந்தவர்கள். பன்றி இறைச்சி இல்லாமல் அவர்களுக்குப் பண்டிகை கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று அந்த அம்மாள் கேக்குடன், கொல்கத்தாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஹாம் துண்டுகளையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடும் வழக்கம் இல்லை. பேத்தி ஒரு துண்டை எடுத்துப் பூனைக்குப் போட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு தின்றது. இரண்டு நாள் கழித்துப் பூனை சோர்ந்து ஒரு மூலையில் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் ஈறு வெளுத்து, சிறுநீர் தேயிலைச் சாயம் போல இறங்கியது. "அந்த ஹாம்தான் அப்பா, வேறென்ன?" என்றாள் மகள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹாம் என்பது பன்றியின் பின்தொடை இறைச்சி. அதை உப்பிலோ உப்பு நீரிலோ ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கெடாமல் இருக்கவும், அந்த இளஞ்சிவப்பு நிறம் நிற்கவும் சோடியம் நைட்ரைட் என்ற உப்பையும் சிறிதளவு சேர்ப்பார்கள். 1980களில் பொன்மலைப் பணிமனையில் என்னோடு வேலை பார்த்த ஆங்கிலோ-இந்திய நண்பர்கள் கிறிஸ்துமஸுக்கு ஹாம் செய்வார்கள். மிச்சம் குவார்ட்டர்ஸ் பூனைகளுக்குப் போகும். அந்தப் பூனைகள் எல்லாம் நன்றாகத்தான் திரிந்தன. அப்படியானால் ஹாம் நஞ்சா, இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் பூனைகளின் உணவுத் தேவை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி சுமார் நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 42 மில்லிகிராம் சோடியம் போதும். சமையல் உப்பாகச் சொன்னால் ஏறத்தாழ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண ஹாமில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் உப்பு இருக்கும். 20 கிராம் துண்டு ஒன்றில் 0.6 கிராம். அதாவது ஒரே துண்டில் ஆறு நாள் உப்பு. எடையைப் பாருங்கள்: நாலரைக் கிலோ பூனை 20 கிராம் தின்பது, 60 கிலோ மனிதர் கால் கிலோவுக்கு மேல் ஹாமை ஒரே மூச்சில் விழுங்குவதற்குச் சமம்.

ஆனாலும் இந்த அளவு பூனையைக் கொல்லாது. உப்பு நஞ்சாக வேலை செய்ய, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராமாவது உள்ளே போகவேண்டும். அப்போதுதான் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று தொல்லைகள் தொடங்கும். நல்ல சிறுநீரகம் உள்ள பூனைக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தால், கூடுதல் உப்பை அது சிறுநீரில் தள்ளிவிடும். இங்கே கோடையில் குழாய்த் தண்ணீருக்கு நாம் படும் பாடு தெரிந்ததே. நமக்குக் குடம் நிரப்பும்போது பூனையின் கிண்ணத்தையும் மறக்காமல் நிரப்பவேண்டும். சிறுநீரகமோ இதயமோ பழுதான பூனைக்கும் வயதான பூனைக்கும் ஹாம் வேண்டவே வேண்டாம்.

உப்பென்று பயப்படுவதானால் நம் வீட்டுக் கருவாட்டைப் பார்த்துத்தான் முதலில் பயப்படவேண்டும். நன்றாக உப்பிட்டுக் காயவைத்த கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேலேயே உப்பு இருக்கும். ஹாமைப் போல மூன்று மடங்குக்கு மேல்! பூனைக்குக் கருவாடு பிடிக்கும் என்று தலையையும் வாலையும் தினமும் போடுகிறோமே, அதற்கு இந்தக் கணக்கை யாரும் போட்டதில்லை. நானும் போட்டதில்லை.

ஹாமில் வேறு குறைகளும் உண்டு. கொழுப்பு அதிகமானால் வயிற்றோட்டம் வரும். மேலே சுற்றியிருக்கும் நூல் வலையைப் பூனை விழுங்கினால் குடல் சுருட்டிக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போய்விடும். ஹாமை மட்டுமே தின்று ஒரு பூனை வாழவும் முடியாது, அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பச்சைப் பன்றி இறைச்சியில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும், அதை வேகவைக்காமல் போடக்கூடாது.

இதற்காகப் பூனையைச் சைவமாக்கிவிடலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அது மாமிசத்திலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும் என்பது 1975இலும், இதயம் வீங்கிப் பலவீனப்படும் என்பது 1987இலும் ஆராய்ச்சியில் தெரியவந்தன. தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது புண்ணியம் இல்லை.

சரி, எங்கள் பூனைக்கு என்ன ஆயிற்று? கால்நடை மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. ஒரு துளி ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஹாம் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும் ஐயா, வழக்கமாக என்ன சாப்பாடு வைக்கிறீர்கள்?" என்றார். மீன்குழம்புச் சோறு என்றேன். "வெங்காயம் போட்ட குழம்புதானே?" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெங்காயம் இல்லாமல் குழம்பா?

சட்டியில் மிஞ்சியதை வீணாக்கக்கூடாது என்று அடிக்குழம்பை வழித்து, வதங்கிய சின்ன வெங்காயத்தோடு சோற்றில் பிசைந்து தினமும் வைத்தவன் நான்தான். பண்டிகை வாரத்தில் விருந்தாளிகள் வந்ததால் குழம்பும் அதிகம், மிச்சமும் அதிகம்.

வெங்காயத்தில் உள்ள கந்தகப் பொருள்கள் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. இந்தத் தாக்குதலுக்கு இடம் கொடுக்கும் முனைகள் மனிதனின் ஹீமோகுளோபினில் 2, நாய்க்கு 4, பூனைக்கு 8. ஆகவே நமக்கு ஒன்றும் செய்யாத வெங்காயம் பூனையின் ரத்தத்தை உடைக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் போதும். நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் போனாலும் சேர்ந்து தாக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பூண்டு இன்னும் கடுமை. சாப்பிட்ட அன்றே தெரியாமல் சில நாள் கழித்து ஈறு வெளுப்பதால், இடையில் தின்ற ஏதோ ஒன்றின் மேல் பழி விழுகிறது. சில ஹாம் பாக்கெட்டுகளிலும் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி சேர்ந்திருக்கும். லேபிளைப் படித்துப் பார்த்து, இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பேச்சுவாக்கில் மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். பூனைக்கு உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுப்பவர்கள் உண்டாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும், அதுவும் ரத்தத்தைத் தாக்கித்தான். முந்தின நாள் இரவு அரை மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, பூனை வாயைத் திறக்காததால் நான் விட்டுவிட்டேன். அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நரம்பில் திரவம் ஏற்றினார்கள், குழம்பு நின்றது. மூன்று வாரத்தில் ஈறு பழைய நிறத்துக்கு வந்தது. இப்போது மீனைக் கழுவியவுடன், மசாலாவும் உப்பும் சேரும் முன்பே, இரண்டு துண்டைத் தனியாக வேகவைத்து முள் எடுத்து ஆறவைத்துவிடுகிறோம். மத்தி போன்ற சில மீன்களைப் பச்சையாகப் போட்டால் அவற்றில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த ஆபத்து இல்லை. ஹாம் கிடைத்தால் மாதத்துக்கு ஒருமுறை சுண்டுவிரல் நகம் அளவு, ஆரோக்கியமான பூனைக்கு. கொடுக்காவிட்டாலும் அதற்கு நஷ்டம் இல்லை.

இதற்கிடையில், தான் கொடுத்த ஹாமால்தான் பூனைக்கு இப்படி ஆயிற்று என்று யாரோ சொல்லக் கேட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் மூன்று வாரமாக எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்திருக்கிறார். நானும் மகளும் நேரில் போய், குற்றம் எங்கள் குழம்புச் சட்டியில்தான் என்று விளக்கினோம். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய், உப்பில்லாமல் வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்றை இலையில் சுற்றிக் கொண்டுவந்து பேத்தியின் கையில் கொடுத்தார்.