பழைய 86-ஆ, புதிய 86-ஆ?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. அதற்குப் பிறகு வானொலியில் என்னிடம் பேசும் இளைஞர்களில் பலர் பாட்டு கேட்டு முடித்த கையோடு கார் பற்றியும் கேட்கிறார்கள். "அக்கா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன்" என்று தொடங்குவார்கள். புதிதாக வாங்க வசதியிருக்காது. ஆகவே பேச்சு பயன்படுத்திய வண்டிகளில் வந்து நிற்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கும் என் தம்பிக்கு டொயோட்டா 86 மேல் ஆசை. பழைய மாடலா, புதிய மாடலா என்பதுதான் மூன்று மாதமாக வீட்டில் ஓடிய விவாதம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய 86 கார் 2012-இல் விற்பனைக்கு வந்தது. 1,998 சிசி பாக்ஸர் இயந்திரம், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். 2016-இல் முகத்தை மாற்றி, சஸ்பென்ஷனையும் திருத்தினார்கள். 2021-இல் அறிமுகமான அடுத்த தலைமுறைக்கு ஜிஆர் 86 என்று பெயர். இதில் 2,387 சிசி இயந்திரம், ஜப்பான் மாடலில் 235 குதிரைத்திறன்.

ஓட்டிப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது குதிரைத்திறன் அல்ல, இழுவிசை. பழையதில் முழு இழுவிசையான 205 நியூட்டன் மீட்டர் கிடைக்க இயந்திரம் 6,400 சுற்றைத் தாண்ட வேண்டும். நடுவில், 4,000 சுற்றுக்குப் பக்கத்தில், வண்டி கொஞ்சம் சோர்ந்து போகும். புதியதில் 250 நியூட்டன் மீட்டர் 3,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட மேனுவல் கியர் வண்டிகளில் பழையது 7.6 வினாடியும், புதியது 6.3 வினாடியும் எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் தம்பி தினமும் போவது பினாங்கு பாலத்தில். அங்கே வேக வரம்பு 80 கிலோமீட்டர். காலை நெரிசலில் அதுவும் கிடையாது.

பட்டறையில் கேட்டது

மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் எங்கள் குடும்ப வண்டிகளைப் பல வருடங்களாகப் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தம்பியுடன் நானும் போனேன். "வருசத்த அப்புறம் பாருங்கம்மா. யார் கையில இருந்துச்சுன்னு மொதல்ல பாருங்க" என்றார். பந்தயத் தடத்திலும் மலைச் சாலையிலும் விரட்டப்பட்ட வண்டிக்கு மூன்று வயது ஆகியிருந்தாலும் அது கிழவண்டிதான் என்பது அவர் கணக்கு. எக்ஸாஸ்ட் மாற்றியது, தாழ்த்தியது, கணினியில் கைவைத்தது எதுவும் வேண்டாம், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியைத் தேடுங்கள் என்றார்.

பழைய மாடலில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. 2012, 2013-இல் தயாரான வண்டிகளின் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றுவதற்காக 2018-இல் உலக அளவில் திரும்ப அழைத்தார்கள். இந்த வேலைக்கு இயந்திரத்தையே கீழே இறக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அது தேவைப்பட்டதா, செய்யப்பட்டதா என்பதைச் சட்ட எண்ணைக் கொடுத்து டொயோட்டா சேவை மையத்தில் கேளுங்கள். தொடக்கக் கால வண்டிகளில் எரிபொருள் பம்ப் சில்வண்டு போல் கிறீச்சிடும். கிளட்ச் பேரிங் சத்தம், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றையும் பாருங்கள்.

புதியதும் குறையில்லாதது அல்ல. இயந்திரத்தின் அடிப்பகுதியை ஒட்டும் பசை பிசிறாக உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் சேர்வதாகப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் முறையிட்டிருக்கிறார்கள்.

ரீகோன் வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி

நம் நாட்டில் ரீகோன் வண்டிகள் பொதுவாக ஐந்து வயதுக்குள் இருந்தால்தான் இறக்குமதியாகும். ஆகவே ஜிஆர் 86 ஜப்பானிலிருந்து நேரே வரலாம். பழைய 86 என்றால் பெரும்பாலும் இங்கேயே பல ஆண்டுகள் ஓடியதுதான். ரீகோன் வண்டிக்கு ஜப்பானிய ஏலத் தாளைக் கேட்டு வாங்கி, சட்ட எண்ணையும் ஓடிய தூரத்தையும் ஒப்பிடுங்கள். தரத்துக்கான இடத்தில் 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி என்று பொருள்.

உள்ளூர் வண்டிக்கு வேறொரு சோதனை உண்டு. 2017 நவம்பரில் பினாங்கு எப்படி மூழ்கியது என்பது நமக்குத் தெரியும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் மறைந்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கை ஆணிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்பதால் மட்டும் வண்டி நல்லது என்று ஆகிவிடாது. அந்தச் சோதனை இயந்திரத்தின் ஆயுளைச் சொல்வதில்லை.

மாதா மாதம் வரும் கணக்கு

சாலை வரி இயந்திர அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் தனியார் காருக்குப் பழைய 86-க்கு ஆண்டுக்கு 379 வெள்ளி. புதியதற்கு 767 வெள்ளி. இரண்டுக்குமே மானிய விலை ரோன் 95 ஒத்துவராது, ரோன் 97 ஊற்ற வேண்டும்.

பெரிய செலவு கடன்தான். இரண்டு வண்டிகளுக்கும் ஒரு லட்சம் வெள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுக் கடனில், வட்டியைச் சேர்க்காமலே அது மாதம் 926 வெள்ளி. திருமணமும் வீட்டுக்கான முன்பணமும் எதிரே நிற்கும் 28 வயதுக்காரனுக்கு இது சின்னத் தொகையல்ல. அதே சமயம் வண்டிக்கு வயதாக ஆக வங்கி கடன் தரத் தயங்கும். 15 வயதைத் தாண்டினால் முழுக் காப்புறுதி கிடைப்பதும் பெரும்பாலும் கடினம். 2012 வண்டி அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் முக்கியமில்லை. "மழையில பிளஸ் நெடுஞ்சாலையில போவான். எதுல பிரேக் நல்லாருக்கு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நியாயமான கேள்வி. ஜிஆர் 86-இன் ஆட்டோ மாடலில் முன்னால் தடை தெரிந்தால் தானே பிரேக் பிடிக்கும் ஐசைட் வசதி உண்டு. பழைய 86-இல் அது இல்லை. அப்பாவோ பின் இருக்கையைப் பார்த்துவிட்டு, "இதுல மார்க்கெட் பையதான் உக்கார வைக்கலாம்" என்றார். இரண்டு மாடலுக்குமே அது பொருந்தும்.

முடிவு எப்படி வந்தது?

தம்பி 2017-இல் பதிவான பழைய 86-ஐத் தேர்ந்தெடுத்தான். திருத்திய மாடல், ஒரே உரிமையாளர், எதையும் மாற்றவில்லை, சேவைப் புத்தகம் முழுமையாக இருந்தது. மிச்சமான தவணைப் பணத்தில் 300 வெள்ளியை மாதந்தோறும் பழுதுச் செலவுக்கென ஒதுக்குகிறான். புது டயர்களை முதல் வாரத்திலேயே போட வேண்டும் என்பது அம்மா வைத்த நிபந்தனை. போட்டுவிட்டான்.

எல்லாருக்கும் இதே விடைதான் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் பாரம் இல்லாமல், நெடுஞ்சாலையில் தினமும் தூரம் போகிறவர் என்றால், ஆட்டோ கியர் போதும் என்றால், ஜிஆர் 86-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பாதுகாப்புக்காகவே தகும். ஆனால் தவணை கட்டிய பிறகு டயருக்கும் பிரேக்குக்கும் கையில் பணம் மிஞ்சாது என்றால் புதியதைத் தொடாதீர்கள். தேய்ந்த டயரோடு ஓடும் புது மாடலைவிட, நல்ல டயரோடு ஓடும் பழைய மாடல்தான் மழை நாளில் உங்களைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும்.