கோலிக்குப் பெயர் வைப்பது எளிதல்ல!

கோலிக் குண்டில் அதைச் செய்தவர் பெயர் இருக்குமா? இராது. பெயர் இருந்ததெல்லாம் பெட்டியிலும் பையிலும்தான். அவற்றைப் பிள்ளைகள் அன்றே கிழித்தெறிந்துவிட்டார்கள். ஆனால் வரியோடிய பழைய கண்ணாடிக் கோலிகளைச் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பெயர்தான் உயிர். பெயர் மாறினால் விலையும் மாறும்!

முதலில் பார்ப்பது வடு. ஜெர்மனியில் லவுஷா என்ற ஊரில், 19-ஆம் நூற்றாண்டில், கண்ணாடித் தண்டைச் சூடாக்கிக் கையாலேயே ஒவ்வொரு கோலியாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் வடு தங்கிவிடும்.

அமெரிக்காவில், ஆக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-ல் உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உருகிய கண்ணாடியை ஓர் ஆள்தான் இரும்புக் கோலில் எடுத்து, சுழற்றியபடி சொட்டவிட்டு வெட்ட வேண்டும். அந்தக் கைச்சுழற்சி கோலியிலேயே பதிந்தது: ஒரு பக்கம் 9 என்ற எண்போல வரி சுழலும், மறுபக்கம் வாலாக முடியும். ஆக்ரோ அகேட் கம்பெனிக் கோலியிலோ வரி, பாட்டில் கார்க்கைப் பிடுங்கும் திருகுபோலச் சுற்றி ஏறும்.

வம்பெல்லாம் மேற்கு வர்ஜீனியாவில்தான். அங்கே பல சிறு ஆலைகள், வேறு ஆலைகளில் கழித்த உடைந்த கண்ணாடியையும் வாங்கி உருக்கின. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். ஆகவே, ஆலை இருந்த இடத்தைத் தோண்டி, அன்று கொட்டிய கழிவுக் கோலிகளோடு ஒப்பிடுகிறார்கள். மண்ணும் சில வேளை குழப்பும். செயின்ட் மேரிஸ் ஊரில் லாரன்ஸ் ஆல்லியின் ஆலை 1949-ல் மார்பிள் கிங் கம்பெனியாக மாறியது. இடம் ஒன்று, பெயர் இரண்டு! ஐயம் தீராதபோது, அனுபவசாலிகள் ‘மேற்கு வர்ஜீனியா வரிக்கோலி’ என்று மட்டும் எழுதி வைக்கிறார்கள்.