ஜீனோ மீண்டது, கதை மீண்டதா?

நல்ல கதையொன்றைப் படித்து முடித்த பிள்ளை முதலிற் கேட்பது, "அப்புறம் என்ன நடந்தது?" என்பதுதான். அதற்கு இணங்கி இரண்டாம் பாகம் எழுதப் புகும் கதாசிரியர்கள் பலவேளை சறுக்கி விடுகிறார்கள். நான் தமிழ் கற்பிக்கும் ஹட்டன் மாணவரிடையே கைமாறித் திரியும் இரு நவீனங்கள் இதற்குத் தக்க சான்று. சுஜாதாவின் "என் இனிய இயந்திரா"வை அட்டை கிழியும் வரை படிக்கிறார்கள். அதன் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ" அத்தனை கசங்காமலே நூலகத்துக்குத் திரும்பிவிடுகிறது.

முதலாவது நவீனம் 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்தது. ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர், 2008இற் காலமானார். அவர் அன்று எதிர்காலமாகக் கற்பனை செய்த 2020களின் தொடக்கத்தை நாம் இன்று கடந்தே வந்துவிட்டோம். அக்கதையில் இந்தியாவை ஆள்பவன் ஜீவா என்னும் சர்வாதிகாரி. குழந்தை பெறுவதற்கும் அரசின் அநுமதி வேண்டும். பெயரோ இரண்டெழுத்துக்கு மேற் போகலாகாது. நிலா, சிபி, ரவி, மனோ, ரவியின் இயந்திர நாய் ஜீனோ என்று பாத்திரங்களின் பெயர்களெல்லாம் இக்கட்டளைக்குட் பட்டவையே.

பெயரைக் குறுக்கும் இக்கட்டளையை நகரத்து வாசகர் ஒரு வேடிக்கையாகவே கொள்ளக்கூடும். நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அது வேறு விதமாய்ப் படுகிறது. தோட்டத்திலே "பேர்" என்றால் ஒருவரது நாமம் மட்டுமன்று. ஒரு நாட் கூலியும் அதுவே. குறித்த நிறைக்குக் கொழுந்து கொணராதவளுக்கு அரைப்பேர்தான் விழும். தாயின் பேர் பாதியாவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஓர் அரசாங்கம் பெயரை வெட்டிச் சுருக்குகிறது என்பதை விளக்க ஆசிரியர் தேவையில்லை.

முதற் கதையின் முடிவைச் சொல்லாமல் இரண்டாவதைப் பற்றிப் பேச வழியில்லை, படியாதவர் பொறுத்தருள்க. எல்லாரும் அஞ்சி நடுங்கிய ஜீவா ஒரு மனிதனே அல்லன். ஒளியால் ஆக்கிய வெறும் மாயபிம்பம். காணாமற்போன கணவன் சிபியைத் தேடிப் புறப்பட்ட சாதாரணப் பெண் நிலா அந்தப் பொய்யைக் கண்டுகொள்கிறாள். அதன்பின் அவளே நாட்டின் ராணியாகிறாள்.

ராணியான நிலாவோடுதான் "மீண்டும் ஜீனோ" தொடங்குகிறது. அதிகாரமெல்லாம் ரவி, மனோ இருவர் கையிலும் இருக்க, அவள் கொலுப்பொம்மையாக வீற்றிருக்கிறாள். இதைவிடச் சிறந்த தொடக்கம் வேறென்ன வேண்டும்? கொடுங்கோலன் போனபின் அவன் இயற்றிய சட்டங்களை என்ன செய்வது, அச்சத்திற் பழகிய மக்களை எவ்வாறு ஆள்வது என்ற வினாக்கள் வாயிலில் வந்து நிற்கின்றன. ஆனால் கதை அவற்றைக் கடந்து, சூழ்ச்சியும் தப்பி ஓடுதலுமாய்ப் பாய்கிறது. பாரமெல்லாம் ஜீனோவின் முதுகில்! அந்த நாய் இனிமையானதுதான். மனிதரைப்போற் சிந்திக்க முற்படும் அதன் பேச்சு இன்றும் சிரிப்பூட்டுகிறது. எனினும் நாயை நாம் நேசிக்கும் அளவுக்கு நாட்டு மக்கள் நம் கண்ணிற் படவில்லை. வாரந்தோறும் ஒரு திருப்பத்தோடு நிறுத்தவேண்டிய தொடர்கதைக்கு மெதுவான வினாக்கள் ஒத்துவரா என்று ஆசிரியருக்காக வாதாடலாம். அவ்வாதம் எனக்குப் பாதிதான் திருப்தி தருகிறது.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் வெரோனிகா ராத் இளைஞர்க்கென எழுதிய "டைவர்ஜென்ட்" 2011இல் வெளியாயிற்று. ஐந்து பிரிவுகளாகப் பிளவுண்ட சிக்காகோ நகரின் கதை அது. 2013இல் வந்த மூன்றாம் பாகமான "அலீஜியன்ட்" நகரின் மதிலுக்கு வெளியே சென்று, எல்லாம் மரபணுப் பரிசோதனையே என்று விளக்கம் கூறியது. வாசகர் பலர் ஏமாற்றமடைந்தனர். 2016இல் வந்த அதன் திரைப்படமும் தோல்வியுற, திட்டமிட்டிருந்த இறுதிப் படம் எடுக்கப்படவேயில்லை.

மதிலுக்கு வெளியே என்ன என்று சொல்வதைவிட, மதில் விழுந்த மறுநாள் என்ன என்று சொல்வது கடினம். இதை நம் மலைநாட்டார் நன்கறிவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இல் வந்தது. அது முதற் பாகத்தின் முடிவு. காணியுறுதியும், கடிதம் நேரே வந்து சேரும் விலாசமும், வயிறு நிறையும் கூலியும் இரண்டாம் பாகத்துக்கு உரியவை. அங்கே துரத்தலுமில்லை, மாயபிம்பமுமில்லை. கந்தோர் வாசல்களே உண்டு.

"ராணி நிலாவின் முதல் நாள்" என்ற தலைப்பில் மாணவரைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ரவியையும் மனோவையும் சிறையிலடைத்து முடித்துவிட்டார்கள். ஒரு மாணவியின் நிலா மட்டும் இரண்டெழுத்துச் சட்டத்தை முதலில் நீக்கினாள். உடனே முழுப்பெயர் கேட்டுப் பதிவுக் கந்தோரில் ஊரே வரிசையில் நின்றது. எழுதுவினைஞர் ஒருவரே, பேனாவும் ஒன்றே. யாரை முதலில் அழைப்பது என்று நிலா யோசித்து நின்ற இடத்தில் மணி அடித்துவிட்டது. மிகுதியை வீட்டில் எழுதி வருவதாகச் சொல்லிக் கொப்பியை வாங்கிப் போயிருக்கிறாள்.