புதிய சீட்டு வந்தால் போவது எது?

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நான் சொல்ல வரும் ஆட்டத்தில் நாங்கள் பணம் வைப்பதில்லை. ராஜாவும் ராணியும் அதில் இல்லை. கணிதம் பயின்ற ஒருவரின் மூளையில் பிறந்த ஆட்டம் அது. அதில் ஒரு புதிய சீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் பட்ட பாட்டையும், வகுப்பில் படித்த நிகழ்தகவு அங்கே எனக்குக் கைகொடுத்த விதத்தையும் இங்கு விளக்க முற்படுகிறேன்.

ஆட்டத்தின் இயல்பு

ஆட்டத்தின் பெயர் மேஜிக்: தி கேதரிங். அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய இதனை, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு வெளியிட்டது. வழக்கமான சீட்டாட்டத்தில் ஒரே கட்டைக் கலைத்து எல்லார்க்கும் பங்கிடுகிறோம். இதில் அப்படியன்று. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தனக்கு வேண்டியவற்றைத் தெரிந்து, ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது.

தொடக்கத்தில் ஆளுக்கு 7 சீட்டுகள். 20 உயிர்ப் புள்ளிகள். எதிரியின் புள்ளிகளைப் பூச்சியமாக்குபவர் வென்றவராவார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க உதவுபவை நிலச் சீட்டுகளே. ஒரு சுற்றுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். எனவே, ஆறு விலையுள்ள சீட்டை இறக்க, பொதுவாக ஆறு நிலங்கள் தேவை என்று கொள்ளலாம்.

ஒரே இனத்தைச் சேர்ந்த பாத்திரங்களைக் கொண்டு கட்டு அமைப்பது இவ்வாட்டத்தில் பலருக்கும் விருப்பமானது. என் கட்டு காப்ளின்களால் ஆனது. காப்ளின் என்பது மேல்நாட்டுக் கதைகளில் வரும் குறும்புக்காரக் குட்டிப் பூதம். நம் பாட்டிமார் சொல்லும் குட்டிச்சாத்தானுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.

கட்டு வந்த கதை

இந்தக் கட்டு நான் அமைத்ததன்று. விடுதியில் என் அறையில் தங்கியிருந்த மூத்த மாணவர், படிப்பு முடிந்து வேலைக்குப் புறப்பட்ட நாளில் என் கையில் கொடுத்துச் சென்றது. "பத்திரமா வச்சுக்கோ தம்பி. பார்க்க நல்லாயிருக்குன்னு எதையும் உள்ளே நுழைச்சிடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினார். மூன்று ஆண்டுகள் ஆடி ஆடி அவர் செம்மைப்படுத்திய கட்டு அது: 30 காப்ளின்கள், 8 தாக்குதல் மந்திரங்கள், 22 நிலங்கள்.

அதன் உயிர்நாடியாக விளங்குவன இரண்டு சீட்டுகள். ஒன்று, 2001-இல் வெளிவந்த காப்ளின் ரிங்லீடர். நான்கு விலையுள்ள இது களத்திற்கு வந்ததும், கட்டின் மேலிருக்கும் நான்கு சீட்டுகளைத் திறந்து, அவற்றிலுள்ள காப்ளின்களை எல்லாம் நம் கையில் சேர்க்கும். மற்றொன்று, 2003-இல் வெளிவந்த காப்ளின் வார்சீஃப். இது களத்தில் இருந்தால் காப்ளின்களின் விலை ஒன்று குறையும்; அவை வந்த சுற்றிலேயே தாக்கவும் செய்யும்.

நான் சேர்க்க விரும்பிய சீட்டு 2020-இல் வெளிவந்த மக்ஸஸ். விலை ஆறு. இது களத்திற்கு வந்ததும் மேலிருக்கும் ஆறு சீட்டுகளைத் திறக்கலாம். அவற்றுள் ஐந்தும் அதற்குக் குறைவும் விலையுள்ள காப்ளின்கள் அத்தனையும் விலையின்றி நேரே களத்தில் குதித்துவிடும்! படித்ததுமே எனக்குக் கண் மின்னியது. ஆயினும் வாங்க வேண்டியது, விடுமுறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில். கட்டோ அண்ணன் ஒப்படைத்தது. ஆகவே முதலில் மூன்று காகிதத் துண்டுகளில் 'மக்ஸஸ்' என்று எழுதி, வேறு மூன்று சீட்டுகளின் உறைக்குள் செருகி ஆடிப் பார்த்தேன்.

நான் செய்த பிழை

எந்த மூன்றின் மேல் செருகுவது? காப்ளின்களை எடுக்க மனம் வரவில்லை. மந்திரங்களையும் விட முடியவில்லை. பேசாமல் கிடந்தவை நிலங்கள். மூன்று நிலங்களை எடுத்தேன். அன்று மாலை ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றேன். மக்ஸஸ் கையிலேயே இருந்தது. இறக்க நிலம் இல்லை.

இரவு தாளும் எழுதுகோலுமாய் உட்கார்ந்தேன். முதலில் ஆடுபவர் ஆறாம் சுற்றுக்குள் 12 சீட்டுகளைக் காண்கிறார். 60-இல் 22 நிலங்கள் இருந்தால், அந்த 12-இல் ஆறு நிலங்களேனும் வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 23. நிலங்களை 19 ஆக்கினால் அது 100-க்கு 12 ஆகச் சுருங்குகிறது. விலை மிகுந்த சீட்டைச் சேர்த்துவிட்டு, விலை கொடுக்கும் வழியைப் பாதியாக அடைத்திருக்கிறேன்! அடுப்பை விற்று அரிசி வாங்கிய கதைதான். பழைய 22 நிலங்களோடு வார்சீஃபும் களத்தில் இருந்தால் ஐந்து நிலங்கள் போதும். வாய்ப்பு 100-க்கு 47 ஆக உயர்கிறது. அப்படியானால் மக்ஸஸ் தனியே நல்ல சீட்டன்று. வார்சீஃபின் துணையோடுதான் நல்ல சீட்டு.

இரண்டாம் கணக்கு

நிலத்தைத் தொடக்கூடாது என்பது தெளிவாயிற்று. காப்ளின்களை எடுக்கலாமா? 30 காப்ளின்கள் இருக்கையில் ரிங்லீடர் திறக்கும் நான்கு சீட்டுகளில் சராசரியாக இரண்டு காப்ளின்கள் கிடைக்கும். மூன்று காப்ளின்களை எடுத்து மூன்று மக்ஸஸ் வைத்தால், மக்ஸஸும் காப்ளினே ஆதலால், ரிங்லீடருக்குக் குறைவில்லை. ஆனால் மக்ஸஸின் விலை ஆறு. ஒரு மக்ஸஸ் மற்றொரு மக்ஸஸைக் களத்திற்கு அழைக்க இயலாது! அழைக்கத்தக்கவை 27 ஆகக் குறைகின்றன. ஆறு சீட்டுகளில் சராசரியாகக் கிடைப்பது 2.7. மாறாக, மந்திரங்களில் சிலவற்றை எடுத்துவிட்டால் பழைய 30-உம் அப்படியே இருக்கும். சராசரி மூன்றைத் தாண்டும். எனவே எடுக்க வேண்டியவை மந்திரங்களே. அவற்றுள் ஒன்று லைட்னிங் போல்ட். ஒரே விலையில் மூன்று புள்ளிகளைப் பறிக்கும் அருமையான சீட்டு. தனியே பார்த்தால் எடுக்கவே தோன்றாது. ஆயினும் ரிங்லீடரும் மக்ஸஸும் அதனைத் திறந்தால், அது கையிலும் சேராது, களத்திலும் சேராது. கட்டின் அடிக்குத்தான் போகும்.

எத்தனை வேண்டும்?

மூன்று மந்திரங்களின் மேல் காகிதங்களைச் செருகி இருபது ஆட்டங்கள் ஆடினேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குப் பொருந்தும்; சீட்டுக்குப் பொருந்தாது. ஓர் ஆட்டத்தின் வெற்றியை வைத்து எதையும் முடிவு செய்யலாகாது. ஆகவே வெற்றி தோல்வியை எழுதவில்லை. காகிதம் கைக்கு வந்த போதெல்லாம், "இது வந்ததற்கு மகிழ்ந்தேனா, எடுத்த மந்திரமே வந்திருக்கலாம் என்று ஏங்கினேனா?" என்று மட்டும் குறித்தேன். பதினோர் ஆட்டங்களில் வந்தது. ஏழில் மகிழ்ச்சி, நான்கில் ஏக்கம். அந்த நான்கிலும் அது தொடக்கத்திலேயே கையில் வந்து பாரமாய்க் கிடந்தது. மூன்று மக்ஸஸ் இருந்தால் முதல் ஏழு சீட்டுகளில் ஒன்றேனும் வரும் வாய்ப்பு 100-க்கு 32. இரண்டே இருந்தால் 22. எனவே இரண்டு போதுமென முடிவு செய்து, இரண்டே வாங்கினேன். மூன்றாவதற்கு வைத்திருந்த பணம் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

அன்றிரவே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, நம்ம கட்டுல மக்ஸஸ் சேர்த்திருக்கேன்" என்றேன். அந்தச் சீட்டு எப்படி என்று அவர் கேட்கவில்லை. "எதை எடுத்தே?" என்றுதான் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நிலத்துல கை வைக்கலையே, அது போதும்" என்றார். முதல் நாள் மாலை ஆடிய அந்த ஐந்து ஆட்டங்களைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

நண்பர்களே, கட்டில் இடம் அறுபதுதான். ஒன்று வர வேண்டுமானால் ஒன்று போக வேண்டும். வருவதன் அழகு கண்ணுக்குத் தெரிகிறது. போவதன் பயன் கணக்கிட்டால்தான் தெரிகிறது. அந்தக் கணக்கைப் போடுவதற்கு நம் இரண்டாம் பருவத்துப் பாடநூலே போதும்.