பதிவேட்டில் ஏறாத நோயாளிகள்

குடலில் ஓட்டை விழுந்து சீழ் பரவிய 86 வயதுப் பெரியவர். “ஆபரேஷன் செய்தால் பிழைக்க ஐம்பது சதவீதம்தான் வாய்ப்பு” என்கிறார் டாக்டர். இந்தச் சதவீதத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

பாதி அனுபவத்திலிருந்து. மீதி, ‘பி-பாஸம்’ போன்ற கணிப்பான்களிலிருந்து. 1991இல் பிரிட்டனில் பிறந்த ‘பாஸம்’, ஆரோக்கியமானவருக்கும் ஒரு சதவீத மரணத்தை எழுதிவைத்தது. அது மிகை என்று 1998இல் போர்ட்ஸ்மத் நகர ஆய்வாளர்கள் சமன்பாட்டைத் திருத்தினார்கள்; அதுதான் பி-பாஸம். வரலாறு இவ்வளவு போதும்.

நாடி, ரத்த அழுத்தம், யூரியா என்று உடல்நிலை பற்றி 12 கேள்விகள். ஆபரேஷன் பற்றி 6. அவற்றில் ஒன்று, எவ்வளவு ரத்தம் போகும் என்பது. வயிற்றைத் திறக்குமுன்பே சொல்லியாக வேண்டும்! குத்துமதிப்பாக எதையாவது போட்டால், விடை மட்டும் தசமப் புள்ளியோடு வந்து நிற்கும்.

இதையாவது மன்னிக்கலாம். எனக்குப் பிடித்த கோளாறு வேறு. கல்யாணத் தரகர் ஒருவர், தான் முடித்துவைத்த கல்யாணங்களை மட்டும் நோட்டில் எழுதுகிறார். செவ்வாய் தோஷ ஜாதகமென்றால், வேலை, வீடு, நல்ல குணம் எல்லாம் இருந்தால்தான் கையிலெடுப்பார். அவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். பத்து வருடம் கழித்து நோட்டைப் புரட்டும் மகன், ‘தோஷக்காரர்கள்தான் அமோகமாக இருக்கிறார்கள்’ என்று தோஷத்துக்குத் தனிக் கட்டணமே வைத்துவிடுவான்.

கணிப்பானும் அப்படித்தான் படிக்கிறது. தொண்ணூறு வயதில் ஆபரேஷன் மேசைக்கு வருபவர்கள், சர்ஜன் பார்த்துத் தேர்ந்தெடுத்த திடமானவர்கள். ‘இவர் தாங்கமாட்டார்’ என்று விட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆகவே முதுமையின் ஆபத்து உள்ளதைவிடக் குறைந்து தெரியலாம். எண்ணைப் பார்த்துப் பயந்து ஆபரேஷனைக் கைவிட்டாலோ நோயாளி இறந்துபோவார், கணிப்பு பலித்ததாகிவிடும். ‘லட்சம் பேரின் தரவில் பயின்ற ஏஐ’ என்று விளம்பரம் வந்தால், எந்த லட்சம் என்று கேளுங்கள்.

சர்ஜன் கண்ணால் பார்க்கும் அந்தத் திடத்தை அளக்கவும் வழி உண்டு. கனடாவில் 2005இல் ராக்வுட் குழு உருவாக்கிய தளர்ச்சி அளவுகோலுக்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாம். நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன் கடைக்குப் போனாரா, தானே குளித்தாரா என்று வீட்டாரைக் கேட்டால் போதும்.

எண்ணால் பயனே இல்லை என்றில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அவசர வயிற்று ஆபரேஷன்களைக் கண்காணிக்கும் தேசியத் தணிக்கை, 2013 முதல் தரவு சேர்க்கிறது. இறக்கும் ஆபத்து 5 சதவீதத்தைத் தொட்டால் மூத்த சர்ஜனும் மூத்த மயக்கவியல் நிபுணரும் தியேட்டரில் இருக்கவேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. ஆபரேஷன் செய்யாமல் விடப்பட்டவர்களையும் அண்மையில் பதியத் தொடங்கியிருக்கிறார்கள்.