திரும்பி வந்த வரிக்கு மறுபடியும் வரியா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வேலை செய்பவரின் சம்பளத்தில் இரண்டு வருமான வரி பிடிப்பார்கள். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றொன்று மாநிலத்துக்கு. மாநிலம் கூடுதலாகப் பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்த பிறகு ரீஃபண்டாகத் திரும்பி வரும். பிரச்சினை அடுத்த ஜனவரியில் தொடங்குகிறது. அந்தத் தொகையைக் குறிப்பிட்டு 1099-ஜி என்ற படிவம் வருகிறது; அதே விவரம் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் போகிறது. பலர் இங்கேதான் மிரண்டு போகிறார்கள். நம்மிடம் அதிகமாகப் பிடித்த பணம் நமக்கே திரும்பினால், அது எப்படி வருமானமாகும்?

பெரும்பாலோருக்கு ஆகாது. வரி கட்டுவோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற நிலையான கழிவை எடுத்துக்கொள்கிறார்கள். மாநில வரியை அவர்கள் தனியாகக் கழிப்பதில்லை. எனவே ரீஃபண்டுக்கும் வரி இல்லை.

வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை என்று செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழித்தவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதிலும் எப்போதும் முழுத் தொகைக்கும் வரி விழும் என்று பயப்படத் தேவையில்லை. 2024இல் தனிநபருக்கான நிலையான கழிவு 14,600 டாலர். ஒருவர் மாநில வரி 8,000, வட்டி 7,000 என 15,000 கழித்தார். பிறகு மாநிலம் 900 டாலரைத் திருப்பித் தந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான மாநில வரி 7,100 மட்டுமே என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் 14,600 என்ற நிலையான கழிவையே எடுத்திருப்பார். ஆக, அவர் கூடுதலாகப் பெற்ற பலன் 400 டாலர்தான். 900இல் அந்த 400 மட்டுமே வருமானத்தில் சேரும். இந்த நியாயம் புரியாமல் முழுத் தொகையையும் காட்டி வீணாக வரி கட்டுவது வருத்தத்துக்குரியது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. அக்டோபரில் ஹெச்-1பி விசாவில் போய் இறங்கும் பொறியாளர், அந்த ஆண்டுக்குப் பொதுவாக, அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாதோருக்கான 1040-என்ஆர் படிவத்தில் கணக்குக் காட்டுவார். அதில் நிலையான கழிவு கிடையாது. மாநில வரி போன்ற சிலவற்றைத்தான் கழிக்க முடியும். மறு ஆண்டு அவர் மற்றவர்களைப் போல நிலையான கழிவுக்கு மாறினாலும், முந்தைய ஆண்டின் மாநில ரீஃபண்டை வருமானமாகக் காட்டியாக வேண்டும். பார்க்க வேண்டியது பணம் கைக்கு வந்த ஆண்டின் கழிவை அல்ல, வரியைக் கழித்த ஆண்டின் கணக்கை. இந்திய மாணவர்கள் நிலை வேறு. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு அவர்களுக்கு நிலையான கழிவை அனுமதிக்கிறது. அதை எடுத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

2018 முதல் மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. அதைவிட மிக அதிகமாக வரி கட்டியவர்களுக்குச் சிறிய ரீஃபண்ட் வந்தால் பெரும்பாலும் வரி விழவில்லை. திரும்பி வந்த பகுதியை அவர்கள் கழிக்கவே இல்லையே. 2025ஆம் ஆண்டுக்கு வரம்பு 40,000 டாலராக உயர்ந்திருக்கிறது; வருமானம் 5,00,000 டாலரைத் தாண்டினால் அது குறையும். கட்டிய மாநில வரியை முழுதாகக் கழிப்பவர்கள் இனி பெருகுவார்கள். 2026இல் ரீஃபண்ட் வாங்கும் அவர்கள், 2027இல் தாக்கல் செய்யும்போது பழைய கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.