கிராக் கேம் விளையாடுவது கூடுமா?

நகலெடுக்காமலிருக்க கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, பென்டிரைவில் கைமாறும் கம்ப்யூட்டர் கேமையே நம் பிள்ளைகள் 'கிராக்' என்கிறார்கள். "யாருடைய பொருளும் குறையவில்லையே, இது எப்படித் திருட்டாகும்?" என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்.

குறைவது உழைத்தவரின் ஹக்கு. நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதை மீறக் கூடாது என்று 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும், 2012 திருத்தத்தின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

காசு கொடுத்து வாங்கியவரையே சில பூட்டுகள் தொல்லைப்படுத்துவது உண்மைதான். அதற்குப் புகார் செய்யலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

விலை கட்டுப்படியாகாவிட்டால், உரியவரே இலவசமாகத் தரும் கேம்கள் உண்டு. தள்ளுபடி வரும்வரை பொறுக்கலாம். "சும்மா கிடைத்தது" என்று பிள்ளை சொன்னால், "கொடுத்தவர் உரியவர்தானா?" என்று கேட்போம்.